கட்டில் பலகையில் ஒரு வில்

என் செல்லப் பிள்ளை,

நான் வாயைத் திறந்தால் பகிடிதான் வரும் என்று நீ சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே என் வாயில் நம்பிக்கை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். அட்லிஸ்வில்லில் இருந்து வந்த மாமி உன் கூறைச் சேலைக்குச் சட்டை தைத்து உனக்குப் போட்டுப் பார்க்கிறா. கை இறுக்கமாக இருக்கிறது என்று நீ சொல்வதும், கல்யாணம் என்றாலே இறுக்கம்தான் என்று மாமி சொல்வதும் எனக்குக் கேட்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ இந்த வீட்டை விட்டுப் போகிறாய். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுத்துப் பிழைகளை நீ பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் எழுதப் போகிறேன், ஏனென்றால் கோயில் மலரில் போட ஏதாவது தாருங்கோ என்று கோயில்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு எண்ணம் உண்டு. சனம் சிரிக்கட்டும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். ஒரு மனுசனை ஒரு வருஷத்துக்குள் இத்தனை தரம் திடுக்கிட வைக்கக் கூடாது பிள்ளை. இன்னும் ஒரு வருஷத்தில், இரண்டாயிரம் பிறந்தவுடன், கம்பியூட்டர் எல்லாம் நின்று உலகம் இருட்டாகிவிடும் என்று ரெலிவிஷனில் பயப்படுத்துகிறார்கள். அதைப் பார்த்து இந்தச் சோலோதுர்ன் ஊர் முழுக்கப் பதறுகிறது, நான் பதறவில்லை. என் பதற்றம் முழுவதையும் நீ ஒருத்தியே எடுத்து முடித்துவிட்டாய். போன மாதம் டொக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல நெஞ்சு, இன்னும் கனகாலம் ஓடும் என்றார். அவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லைப் போலிருக்கிறது.

தலைமயிரில் இருந்து தொடங்குகிறேன். போன வசந்தத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தாய். கதவைத் திறந்தேன், வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து ஜேர்மன் பாஷையில் வணக்கம் சொன்னேன். இடுப்பு மட்டும் இருந்த மயிரைக் கழுத்தோடு வெட்டிவிட்டு வந்து நிற்கிறாய். முதியோர் இல்லத்தில் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டும்போது பின்னல் தண்ணீருக்குள் விழுகிறது என்று காரணம் சொன்னாய். அது உன் மயிர், நீ என்னவும் செய். ஆனால் அதில் பாதி என் வேலை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

உன் அம்மா கொழும்பில் காய்ச்சலில் கண்ணை மூடியபோது உனக்கு எட்டு வயது. பிறகு நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்து அகதிகள் விடுதியில் ஒரு அறையில் கிடந்தோம், மேல்கட்டிலில் நீ, கீழ்க்கட்டிலில் நான். பள்ளிக்கூடம் போகிற முதல்நாள் காலை சீப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தாய். எனக்குச் சடை பின்னத் தெரியுமா? வள்ளத்தில் வேலை செய்தவனுக்குத் தெரிந்தது கயிறு ஒன்றுதான். பெண்கள் மூன்று புரியில் தட்டையாகப் பின்னுவார்கள். நான் உன் மயிரை நாலாகப் பிரித்தேன். ஓரத்துப் புரியைப் பின்னால் கொண்டுபோய், இரண்டைத் தாண்டி, ஒன்றுக்கு மேலாகத் திருப்பிக் கொண்டுவந்து, மற்ற ஓரத்தில் இருந்து அப்படியே இன்னொன்று. உருண்டையாக, இறுக்கமாக, நங்கூரக் கயிறு மாதிரி ஒரு பின்னல் வந்தது. நுனிக்கு ரிபன் இல்லை. கயிற்று நுனி பிரியாமல் இருக்க எப்படிச் சுற்றி உள்ளே செருகுவோமோ அப்படி உன் மயிராலேயே சுற்றிச் செருகிவிட்டேன். அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்தில் நீச்சல். ஈரத் தலையைக் காயவைக்க உன் பின்னலை அவிழ்க்கப் போய், ரீச்சர் நகம் உடைந்து, கடைசியில் கத்தரிக்கோல் தேடியிருக்கிறா. நீ அழவில்லையாம், என் அப்பா வந்தால்தான் அவிழும் என்று பெருமையாகச் சொன்னாயாம். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற என்னை, நனைந்த ஏப்ரனோடு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காக அந்தப் பின்னலைத்தான் போட்டுக்கொண்டு போனாய். அதனால்தான் சொல்கிறேன், பாதி என் வேலை என்று.

மயிர் போன வசந்தம் போய், கோடை வந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் மாமா வந்திருந்தார். உன் அம்மாவின் தம்பி, உனக்கு ஒரே மாமா. அவர் கொஞ்சக் காலமாக உனக்கு ஒரு மாப்பிள்ளைப் படத்தை ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஃப்ரிபூர்க்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிற பெடியன், மாமியின் சொந்தம், குடிக்கிறதில்லை, புகைக்கிறதில்லை. எனக்கு அவன் மீசை பிடிக்கவில்லை என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து நீ ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து, வடைத் தட்டுக்கு முன்னால் இருத்தி, அப்பா இது உர்ஸ், நாங்கள் கல்யாணம் செய்ய யோசிக்கிறோம் என்றாய். முதியோர் இல்லத்தில் ஜன்னல் பூட்ட வந்த தச்சனாம். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தான், ஒரு சொக்ஸில் ஓட்டை. மாமாவுக்கு வடை புரையேறியது. திகைப்பு வந்தால் எனக்குப் பகிடிதான் வரும் என்பது உனக்குத் தெரியும்.

"எங்கடை ஆக்களிலை பொம்பிளை கேட்டு வாறவன் வில்லு வளைச்சுக் காட்ட வேணும். அது தெரியுமோ உனக்கு?" என்று கேட்டேன்.

கூத்துகளில் பார்த்தது. அவன் சிரிப்பான், அல்லது முழிப்பான், மாமா சிரிப்பார், பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆறுதலாகக் கதைக்கலாம் என்று நினைத்தேன். நீ ஒரு சொல் குறைக்காமல் அதை அவனுக்கு மாற்றிச் சொன்னாய். அவன் நிமிர்ந்து இருந்தான். முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அவன் பதினாறு வயதில் இருந்து மரத்தில் வில் செய்கிறவனாம், பழைய முறையில், கையாலேயே. என்ன மரத்தில் வேண்டும், எவ்வளவு நீளம் என்று என்னைத் திருப்பிக் கேட்கிறான். பிள்ளை, அந்தத் திடுக்கிடலை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு வருஷமாக அவனோடு பழகுகிறாய், ஜன்னல் பூட்டுகிறான் என்று சொன்னாய், வில் செய்கிறான் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. இந்த நாட்டில் வங்கிக்காரன் இருக்கிறான், மணிக்கூட்டுக்காரன் இருக்கிறான். நான் பகிடிக்கு வில் என்றால் வில்காரனே வந்து சோபாவில் இருப்பான் என்று யார் கண்டது?

மாமாவுக்கு முன்னால் பின்வாங்க முடியாது. சோபாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பலகையை இழுத்தேன். விடுதியில் பழைய மரக் கட்டில்களைக் கழித்து இரும்புக் கட்டில் போட்டபோது, குப்பைக்குப் போக இருந்ததில் நான் எடுத்து வைத்த பலகை. கிறிஸ்மஸ் மரம் என்று இவர்கள் வெட்டி வீட்டுக்குள் வைக்கிறார்களே, அந்தச் சாதி மரம். மெத்தென்ற மரம், நகத்தால் கீறினால் கோடு விழும். இதில்தான் செய்ய வேண்டும், எல்லோருக்கும் முன்னால் நாணைக் காதுவரை இழுக்க வேண்டும் என்றேன். உர்ஸ் பலகையைத் தட்டிப் பார்த்தான், நுனியை மோந்து பார்த்தான், பிறகு தலையை ஆட்டினான். இந்த மரம் வில்லுக்கு ஆகாது, வளைத்தால் முதுகுப்பக்கம் வெடித்துப் போகும் என்றானாம். அது எனக்கும் தெரியும், அதனால்தான் எடுத்தேன். மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"முறிஞ்சால் என்ன அத்தான்?"

"முறிஞ்சால் உங்கடை ஃப்ரிபூர்க் பெடியனைப் பாப்பம்" என்றேன்.

கதையிலே வில்லை முறித்தவனுக்குத்தான் பெண், நான் மாற்றிப் போட்டேன். நீ கோபிப்பாய், அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாய், இரண்டு நாள் கதைக்கமாட்டாய், அதற்குள் நான் யோசிக்கலாம் என்பது என் கணக்கு. நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாய்.

"அது என்ர கட்டில் பலகை" என்றாய் முதலில். பிறகு, "சரி அப்பா. முறிஞ்சால் நான் மாமா சொல்லுற ஆளைக் கட்டுறன். முறியாட்டி நீங்கள் ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. சாமியறை விளக்கிலை கை வைச்சுச் சொல்லுங்கோ."

மாமா ஓடிப்போய்க் கை வைத்தார். நானும் வைத்தேன். விளக்குச் சூடு கையில் பட்டபோதுதான் என் பகிடி உன் வாழ்க்கையாகிவிட்டது என்று எனக்கு உறைத்தது. அந்தப் பெடியன் போகும்போது பலகையை ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்தது ஒடியல் சங்கதி. அதை எழுதாமல் விட்டால் நீயே எழுதிவிடுவாய் என்று தெரியும், ஆகவே எழுதுகிறேன். இலையுதிர் காலம், வெள்ளிக்கிழமை, நான் விரதம். உன் அறை ஜன்னல் மழைக்குத் திறந்து கிடக்கிறது என்று சாத்தப் போனேன். திரைச்சீலைக்குப் பின்னால், ஹைட்சுங் என்று இவர்கள் சொல்கிற அறைச் சூடாக்கியின் மேல், மஞ்சளாக, கடினமாக, ஒரு முழ நீளத்தில் வரிசையாக என்னவோ காய்கிறது. நல்ல ஒடியல். பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்த அதே நிறம், அதே வரி. ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள், கிழவன் பல்லுக்கு ஆகாது என்று இவள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பொல்லாத கோபம். ஒன்றை எடுத்துக் கடித்தேன். முறியவில்லை. கடைவாய்க்குள் வைத்து ஊறவைத்துச் சப்பினேன். நார் நாராகப் பிரிந்து என் கட்டுப் பல்லுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க நூல் மாதிரி வருகிறது. நீ வேலையால் வந்து பார்க்கும்போது பல்லு ஒரு கையிலும் நார் மற்றக் கையிலுமாக நான் உன் கட்டிலில் இருக்கிறேன்.

"அப்பா, அது மான்ர கால் நரம்பு" என்றாய்.

குதிக்காலில் இருந்து மேலே போகிற தடித்த நரம்பாம். வெள்ளிக்கிழமை, விரதம், நெற்றியில் திருநீறு, வாயில் மான் கால். நான் குளித்தேன், திரும்பவும் குளித்தேன், முருகனிடம் மான் என்று தெரியாமல் நடந்தது என்று சொன்னேன். நீ சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தாய். சிரித்து முடித்துத்தான் காரணம் சொன்னாய். உர்ஸின் பட்டறை ஈரம், நரம்பு காயாது. இந்த வட்டாரத்திலேயே ஹைட்சுங்கை முழுதாகத் திறந்துவிட்டு இருக்கிறவர் என் அப்பா ஒருவர்தான், அதனால் இங்கே கொண்டுவந்தேன் என்றாய். பிறகு இன்னொன்றும் சொன்னாய். இறைச்சிக் கடைக்காரன் மாட்டு நரம்பு சும்மா தருகிறேன் என்றானாம். மாடு என்றால் என் அப்பா வாசலிலேயே நிறுத்திவிடுவார் என்று நீ மறித்தாயாம். அவன் வேட்டைக்காலம் வரும்வரை காத்திருந்து, மலையில் வேட்டைக்குப் போகிற ஒருவரிடம் கேட்டு மான் நரம்பு வாங்கினானாம். விளையாட்டுக்கு வந்தவன் வேட்டைக்காலம் வரும்வரை காத்திருக்கமாட்டான்.

அடுத்த கிழமை உடைந்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, திருத்த வேணும் என்று பொய் சொல்லி, பஸ் ஏறி அவன் பட்டறைக்குப் போனேன். உளவு பார்க்கத்தான். கதிரையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு அவனாகவே எல்லாம் காட்டினான். என் ஜேர்மன் குசினி ஜேர்மன், அவன் பேசுவதோ இந்த ஊர்க் கொச்சை, இருந்தாலும் கைப்பாஷையில் விளங்கியது. வடக்கே, பனிக்கட்டிக்கு மேல் வாழ்கிற சனத்துக்கு மரம் கிடையாதாம். கடல் ஒதுக்கிக் கொண்டுவருகிற கட்டைதான், எல்லாம் இந்த மாதிரி மெத்தென்ற சாதி. அந்தக் கட்டை நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வில்லை வளைத்தால் இழுக்கிறவனைப் பார்க்கிற வயிற்றுப்பக்கம் நசியும், வெளிப்பக்கத்து முதுகு இழுபடும். ஆகவே அவர்கள் நரம்பைக் கயிறாக்கி, வில்லின் முதுகில் நுனிக்கு நுனி பல ஓட்டம் ஓட்டி, முறுக்கி இறுக்கிக் கட்டிவிடுவார்களாம். இழுவை எல்லாம் கயிற்றுக்கு, மரத்துக்கு நசிவு மட்டும். வள்ளத்தில் பாய்மரத்துக்குப் பின்னால் ஏன் கயிறு கட்டுகிறோம் என்பது தெரிந்தவனுக்கு இது உடனே பிடிபடும். முட்டாள் வேலை என்று நினைத்துப் போனவன், இது நடக்கக்கூடிய வேலை என்று கண்டுகொண்டேன்.

காய்ந்த நரம்பை மரச் சுத்தியலால் அடித்து வெள்ளைத் தும்பாக்கி வைத்திருந்தான், பட்டு மாதிரி. என் கட்டில் பலகை நடுவில் ஒடுங்கி, இரு பக்கமும் தட்டையாக, வில்லாகிச் சுவரில் தொங்கியது. ஆனால் கயிறு இல்லை. பின்னிப் பார்த்துக் கழித்த கயிறுகளைக் காட்டினான், மூன்று புரி, ஒரு இடம் பருத்து ஒரு இடம் மெலிந்து, சின்னப் பிள்ளை கோழிக்காலில் கட்டிய கயிறு மாதிரி. தன் கை மரத்துக்குத்தான் பழக்கம், நூலுக்கு வராது என்று வெட்கப்பட்டான். மெலிந்த இடத்தில் அறும், அறுந்தால் பலகை வெடிக்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்று என் பத்து விரலுக்கும் தெரியும். நான் கையைப் பையில் விட்டுக்கொண்டு, நல்லம் நல்லம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் வென்றுவிட்டேன். வீடு வரும்வரை அந்தச் சந்தோஷத்தை நெஞ்சில் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நீ கிழமையில் இரண்டு மூன்று தரம் பின்னேர வேலை என்று பிந்தி வந்தாய். களைத்துப் போய் வருகிறாள், மாமா சொல்கிற பெடியனைக் கட்டினால் ஃப்ரிபூர்க்கில் வேறு வேலை தேடலாம் என்றுகூட நான் யோசித்தேன். என் புத்தியைப் பார்.

மார்கழிக் குளிரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பட்டறைக்குப் பின்னால் புல்வெளி முழுக்கப் பனி, தூரத்தில் வைக்கோல் கட்டு. மாமா அட்லிஸ்வில்லில் இருந்து இரயில் ஏறி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உர்ஸ் வில்லை வெளியே கொண்டுவந்தான். முதுகில் நரம்புக் கயிறு கட்டாக ஓடுகிறது. அதற்குள் மான் கொம்பில் செய்த இரண்டு சின்னக் குச்சிகளைச் செருகி, அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருகினான். ஒவ்வொரு திருகலுக்கும் கட்டு இறுகி, வில் தானாகப் பின்பக்கம் வளைந்தது. மரம் முனகியது. மாமா என் காதில், இப்பவே முறியும்போல கிடக்கு என்றார். நாணை ஏற்றி வில்லை நிமிர்த்திய உர்ஸ் தான் இழுக்காமல் உன்னைப் பார்த்தான். நீ அதை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாய்.

"அவையளின்ர வழக்கத்திலை பலகை தந்தவர்தான் முதல் இழுத்துப் பாக்க வேணுமாம். இந்தாங்கோ அப்பா."

நான் திகைத்துப் போனேன். முறிந்தால் எனக்கு வெற்றி. அந்த முறிக்கிற வேலையை என் கையிலேயே தருகிறார்கள். வெள்ளைக்காரன் வழக்கமும் விசர் வழக்கம்தான் என்று நினைத்தேன். மாமாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். எதற்கு என்று உனக்கு இப்போது சொல்கிறேன். கயிறு எங்கே மெலிந்திருக்கிறது, எந்த இடத்தில் அறும் என்று பார்க்கத்தான்.

மெலிந்த இடம் இல்லை. மூன்று புரியும் இல்லை. மெல்லிய, உருண்டையான, ஒரே பருமனான நாலு புரிப் பின்னல். ஓரத்துப் புரி பின்னால் போய், இரண்டைத் தாண்டி, ஒன்றுக்கு மேல் திரும்பி வருகிறது. விரலால் தடவிக்கொண்டே நுனிக்குப் போனேன். நுனியில் முடிச்சு இல்லை. தன்னைத் தானே சுற்றி உள்ளே செருகியிருந்தது. என் கை அந்தப் பட்டறையில் நூலைத் தொடவில்லை, கையைப் பையில்தானே வைத்திருந்தேன். ஆனால் என் கை வேலை என் முன்னால் இருக்கிறது. உன்னை நிமிர்ந்து பார்த்தேன். குட்டை மயிர் காற்றில் பறக்க நீ நின்றாய், விரல் நுனி எல்லாம் வெடித்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. குளிருக்கு வெடித்தது என்று நீ சொன்னதை நானும் நம்பியிருந்தேன். பின்னேர வேலை எந்த இடத்தில் நடந்தது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

"என்ன அத்தான், வில்லுக்குச் சாத்திரம் பாக்கிறியளோ? இழுங்கோ" என்றார் மாமா.

இழுத்து முறிந்தால் நான் வென்று, நீ அன்றைக்குச் சொன்ன சொல்லுக்காக ஃப்ரிபூர்க் போவாய். நீ கிட்ட வந்து, மாமாவுக்குக் கேட்காமல் சொன்னாய்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. ரீச்சராலையே அவிழ்க்கேலாமல் போனது."

நான் இழுத்தேன் பிள்ளை. அம்பு வைக்காமல் நாணைச் சட்டென்று விடக் கூடாது, விட்டால் வில் சிதறும், மெல்லத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று உர்ஸ் பதறிப் பதறிச் சொன்னான். மார்பு மட்டும் வந்தது. தோள் மட்டும் வந்தது. பலகை கிறீச்சிட்டது, பழைய கட்டிலில் நீ புரண்டு படுக்கும்போது கேட்கிற அதே சத்தம். ஆறு மாதமாக முறிய வேண்டும் என்று நினைத்தவன், முருகா முறியக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன், மாமா கேட்டிருப்பார். காது மட்டும் கொண்டுவந்தேன். நின்றது. நரம்பு ஒரு நூல்கூட அசையவில்லை. நித்திரைக் குழந்தையைத் தோளில் இருந்து இறக்குகிற மாதிரி நாணை மெல்ல மெல்லத் திருப்பி விட்டேன். மாமா ஒருக்காத் தாங்கோ நானும் பாப்பம் என்று கையை நீட்டினார். அவர் முறிகிற வரைக்கும் இழுப்பார் என்று எனக்குத் தெரியும்.

"உன்ர ஃப்ரிபூர்க் பெடியன் வந்து இழுக்கட்டும் மச்சான், நீ சும்மா நில்" என்று சொல்லி வில்லை உர்ஸிடம் கொடுத்தேன். அவன் அம்பு வைத்து இழுத்துவிட்டான். வைக்கோலுக்குள் அம்பு முழுதாகப் புதைந்து பின்னால் இறகு மட்டும் தெரிந்தது. மாமா ஜாக்கெட் பையில் இருந்த படத்தை எடுத்து உள் ஜாக்கெட் பையில், நன்றாக உள்ளே வைத்தார். நல்ல மனுசன், சொன்ன சொல்லில் நின்றார். இப்போது உன் கல்யாணச் சமையலுக்குக் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கிறவர் அவர்தான்.

வீட்டுக்கு வெளிக்கிடும்போது நான் உர்ஸைத் தனியே பிடித்து, உங்கள் ஆட்களில் பலகை கொடுத்தவர் முதல் இழுக்கிற வழக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் தான் கேள்விப்படவே இல்லை என்றான். திரும்பினேன், நீ பஸ் தரிப்பில் கையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாய், தோள் குலுங்குகிறது. என் வாழ்நாளில் என்னை இவ்வளவு சுத்தமாக ஏமாற்றியவர் யாரும் இல்லை. எங்கடை ஆக்களிலை என்று நான் ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன், அவையளின்ர என்று நீ ஒரு வழக்கத்தை உண்டாக்கி என் கையிலேயே தந்துவிட்டாய். அன்று பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தது கோபத்தில் இல்லை. சிரிப்பும் மற்றதும் ஒன்றாக வந்தால் முகத்தை எங்கே வைப்பது?

புத்தி சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன், புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கண்டேன். அம்பு விட்டு முடிந்தவுடன் உர்ஸ் முதல் வேலையாக அந்தக் கொம்புக் குச்சிகளைத் திருப்பி, கயிற்றைத் தளர்த்தினான். ஏன் என்று கேட்டேன். எந்நேரமும் முறுக்கி வைத்திருந்தால் மரம் செத்துப்போகும், தேவைக்கு முறுக்கி மற்ற நேரம் விட்டுவிட வேண்டும் என்றான். நீ முறுக்கத் தெரிந்தவள், உன்னை வளர்த்தவனுக்கு அது தெரியும். அவன் தளர்த்தத் தெரிந்தவனாக இருக்கிறான். சண்டை வந்தால் அவன் கையில் அந்தக் குச்சியைக் கொடு. அவன் சொக்ஸ் ஓட்டையை நீ தைக்காதே, அவனே தைக்கட்டும், நூல் வேலையும் பழகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உனக்குச் சோடிக்க ஒரு பெண் வருகிறாளாம், பொய்ச்சடை கொண்டுவருவாளாம், மாமி சொன்னா. மூன்று புரியில் தட்டையாகப் பின்னிப் பூ வைப்பார்களாம். அவள் பொட்டு வைக்கட்டும், நகை பூட்டட்டும், எனக்கு ஒன்றுமில்லை. சடையை மட்டும் நான் பின்னுகிறேன். உன் கழுத்தளவு மயிரோடு பொய்மயிரைச் சேர்த்து நாலாகப் பிரித்துப் பின்னினால் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகும் அவிழாது. அவிழ்க்க வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். அல்லது உர்ஸுக்குக் காட்டிக் கொடு, எனக்கு ஏலாத ஒருநாள் வரும்.

இன்னும் ஒன்று, இதை வாசிக்கும்போது நீ திடுக்கிட வேண்டும், இவ்வளவு நாளும் நான் திடுக்கிட்டதற்குப் பதிலாக. அன்றைக்கு நான் சோபாவுக்குப் பின்னால் இருந்து எடுத்த பலகையைப் பார்த்து, அது என்ர கட்டில் பலகை என்றாய். இல்லைப் பிள்ளை. விடுதியில் நான் எடுத்தது இரண்டு பலகை. வெட்டக் கொடுத்தது கீழ்க்கட்டிலின் பலகை, நான் படுத்தது. உன்னுடையது இன்னும் அதே சோபாவுக்குப் பின்னால் துணி சுற்றி இருக்கிறது. அதில் நீ பென்சிலால் கீறிய மீன்களும் இருக்கின்றன. அதைக் கேட்டு வர வேண்டாம் என்று உன் மாப்பிள்ளையிடம் சொல்லிவை. அது தரமாட்டேன்.

இப்படிக்கு,
அடுத்த அறையில் இருக்கும் அப்பா